இடப்பக்க மட்காட்டில் ஐந்து கொப்புளங்கள்

வெள்ளைப் பெயின்ற் நன்றாகக் காய்ந்துகூட முடியவில்லை, அதற்குள் காரின் இடப்பக்கம், சில்லை மூடும் மட்காட்டில் கொப்புளம் எழும்பியிருந்தது. நாலு பக்கம் பக்கமாக, ஒன்று சற்றுத் தள்ளிக் கீழே. மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. உப்புக்குளத்துக் கராஜின் தகரக் கூரையைச் சோளகக் காற்று கிடுகிடுக்க வைத்தது. தின்னர் மணத்தோடு எங்கேயோ காயும் கருவாட்டின் வாடையும் கலந்து வந்து காரின் சொந்தக்காரர் பரமநாதனின் மூக்கில் ஏறியது.

பெயின்ற் அடித்த கிறகரி ஒரு கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தினான். தண்ணீர் வழிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு, அண்ணை. காரைக் கடல் தண்ணியில கழுவினனீங்களோ?"

"எனக்கென்ன விசரே?" என்றார் பரமநாதன்.

மன்னாரில் இருக்கிறவன் எவனாவது காரைக் கடல் தண்ணீரால் கழுவுவானா? கழுவினார், இந்த மனுசன். போன மாதம், பொழுதுபட்ட மைமலில், தீவுக்கு வரும் பாலத்து வீதியில், கருவாட்டுக் கடகத்தோடு நடந்து வந்த ஒரு பெண்ணை அவருடைய நீல மொறிஸ் மைனர் கார் இடித்து விழுத்தியது. அவள் அப்போது சாகவில்லை. அதுதான் விசயமே. தட்டுத்தடுமாறி எழும்பி, இடப்பக்க மட்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஐயா, தண்ணி" என்றாள். மகளுக்குக் கலியாணம் வைத்த நேரத்தில் பொலிசும் வழக்குமாக அலைவதா என்று நினைத்தார் பரமநாதன். காரைப் பின்னுக்கு எடுத்தார். அந்தக் கை இலேசில் விடவில்லை. விட்டபிறகு, கொஞ்சத்தூரம் தள்ளிப் போய், வாளியால் கடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி இரத்தத்தைக் கழுவினார். அவள் பெயர் பிரான்சிஸ்கா என்பது, மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

பொலிஸ் நீலக் காரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டதும், காரை வெள்ளையாக்கச் சொல்லிக் கிறகரியிடம் கொண்டுவந்தார். ஒளிக்கவேண்டிய கார், ஆனால் ஒளித்துவைக்க முடியாத கார். தாய் கலியாணப் பொம்பிளையாக ஏறிய காரில்தான் தானும் ஏறுவேன் என்று மகள் சிவதர்சினி ஒற்றைக்காலில் நின்றாள். தாயில்லாத அந்த ஒரே பிள்ளையை விட்டால் அவருக்கு உலகத்தில் ஆருமில்லை.

கிறகரி மட்காட்டைத் தகரம் தெரியச் சுரண்டினான். நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவிட்டான். அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் கறுப்புப் பெயின்றைப் புகைபோல மெல்லிசாகத் தூவினான். பள்ளம் பார்க்கிற வழி அது: தேய்க்கும்போது சமமான இடத்தில் கறுப்புப் போய்விடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும்.

தேய்த்தான். கறுப்புப் போனது. ஓரிடத்தில் மட்டும் நின்றது. நாலு விரல். ஒரு பெருவிரல். உள்ளங்கை.

"தடவிப் பாருங்கோ அண்ணை, பள்ளமே இல்லை." கிறகரியின் குரல் இறங்கியிருந்தது. "ஆனா கறுப்புப் போகுதில்லை."

பரமநாதன் அதன்மேல் கையை வைத்தார். அவருடையதை விடச் சிறிய கை. வெயிலில் கொதித்த தகரத்தில் அந்த இடம் மட்டும் ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. ஏதோ அவருடைய விரல்களை மெல்லப் பிடித்தது. இழுத்தார். இலேசில் விடவில்லை.

"என்ன நடந்ததெண்டு போய்ப் பொலிசில சொல்லுங்கோ, அண்ணை," என்றான் கிறகரி. "உப்பை உள்ள வைச்சு மூடினா, அது வேற எங்கயாலும் வெளிய வரும்."

"வாயைப் பொத்திக்கொண்டு அடியும்."

கிறகரி சிலுவை போட்டுக்கொண்டு அடித்தான்.

கலியாணத்தன்று காலை மட்காட் பால்போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. பரமநாதன் குனிந்து, நிமிர்ந்து, திரும்பவும் குனிந்து பார்த்தார். செத்தவளை வென்றாயிற்று என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. கண்ணூறு கழியச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, மகளைப் பின் இருக்கையில் ஏற்றி, அக்கரையில் இருக்கும் கோயிலுக்குத் தானே ஓட்டினார். தோழிப் பிள்ளைகள் பின்னால் ஒரு வாடகை வானில் வந்தார்கள்.

பாலத்து வீதி. இரண்டு பக்கமும் கடல். காருக்குள் மல்லிகையும் புதுப் பட்டும் மணத்தன. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஆனாலும் கருவாட்டு வாடை வந்தது.

"அப்பா, கழுத்தில என்னவோ எரியுது."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார்.

தாலி ஏறவேண்டிய கழுத்து. அதன் இடப்பக்கத்தில், பூசிய மாவுக்குக் கீழே. நாலு பக்கம் பக்கமாக. ஒன்று சற்றுத் தள்ளி.

பிறேக்கை மிதித்தார். கார் நின்றது. எந்த இடம் என்று பார்க்கத் தேவையில்லை.

திரும்பினார். ஒரு கொப்புளத்தைத் தொட்டார். உடைந்தது. தண்ணீர் வழிந்து பட்டுச் சேலையை நனைத்தது. அவருடைய விரல், அவர் சொல்லாமலே, நாக்குக்குப் போனது.

உப்பு.

"பிள்ளை," என்றார். "என்ர பிள்ளை."

சிவதர்சினி அவருடைய கையைப் பிடித்தாள். ஈரமான கை. குளிர்ந்த கை. இழுத்தார். விடவில்லை.

"ஐயா," என்றாள் அவள். "தண்ணி."

அவளுடைய முகத்தில், கன்னத்தில் தொடங்கி, அடுத்த கை எழும்பிக்கொண்டிருந்தது. நாலு பக்கம் பக்கமாக. ஒன்று சற்றுத் தள்ளிக் கீழே.