சனி, ஞாயிறு வராத பேய்

அம்மா வாங்கிய காரில் பேய் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் அரை டிக்கெட்தான். அவனுக்கு ஆறு வயது. அவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. மறுத்தால் அழுவான்.

"உள்ளே யாருமே இல்லக்கா. ஆனா சீட்டு தானா பின்னாடி போச்சு," என்றான் கண்ணை அகல விரித்துக்கொண்டு.

அக்காவுக்குப் பத்து வயது. உயரம் கொஞ்சம் கம்மி என்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பெயர் பட்டாணி. எதையும் எழுதி வைத்துப் பார்க்கும் ரகம். மறுநாள் காலை நோட்டும் கையுமாகச் சன்னலோரம் நின்றாள். சரியாக ஏழு நாற்பதுக்கு, தெருவில் நின்ற கார் தானாக விழித்துக்கொண்டது. ஏசி ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கை நிதானமாகப் பின்னால் நகர்ந்தது.

"பார்த்தியா?" என்றான் அரை டிக்கெட்.

"பார்த்தேன். பேய்க்குக் கால் நீளம். நல்லா வேர்க்கவும் வேர்க்குது," என்று சொல்லியபடியே பட்டாணி அதை எழுதிக்கொண்டாள்.

அது புதுக் கார் இல்லை. யாரோ ஓட்டி விற்றது. அம்மா வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவள். கார் வருவதற்கு முன்பு, கனமான கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். அவள் திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அப்பா சமைத்து வைத்ததை அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். பட்டாணிக்கு அது துளியும் பிடிக்காது.

கார் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. காருக்குள் ஒரு குரல் இருந்தது. அது வழி சொன்னது. பின் சக்கரத்தில் காற்று குறைகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது. நெரிசல் என்றால் வேறு தெருவில் திருப்பிவிட்டது. கூரையில் ஒரு சிவப்புப் பொத்தான் வேறு. அதை அழுத்தினால் உதவி மையத்திலிருந்து ஓர் ஆள் பேசுவார். அம்மா ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாள். நால்வரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

இந்தப் பேய்தான் ஒரே தொல்லை. மாலை நாலேகாலுக்கும் அது வரும். அம்மா ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், கார் ஃபிரிட்ஜ் மாதிரி சில்லென்று இருக்கும். இருக்கை பின்னால் போயிருக்கும். அம்மாவின் கால் பிரேக்கை எட்டாது. அம்மாவும் பட்டாணி உயரம்தான், என்ன, கூட நாலு விரல் இருக்கும். போதாததற்கு, "வணக்கம் சார்" என்று கார் வரவேற்கும்.

"யாரு அந்த சார்?" என்று அம்மா தினமும் கேட்பாள். கேட்டுக்கொண்டே இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்வாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேய் வரவில்லை. திங்கட்கிழமை டாண் என்று ஏழு நாற்பதுக்கு ஆஜர். பட்டாணி நோட்டைப் புரட்டினாள்.

"பேய்க்கு எதுக்குடா வாரத்துல ரெண்டு நாள் லீவு? இது வேலைக்குப் போற ஆளு."

அன்று மாலை அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் காரில் ஏறினார்கள். பட்டாணி திரையைத் தட்டினாள். 'சென்ற இடங்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. அம்மா போன வீடுகளுக்குக் கீழே, கார் இங்கே வருவதற்கு முன்பு போன இடங்களும் அப்படியே இருந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பெருமையில் அரை டிக்கெட் சத்தமாகப் படித்தான்.

"பல் டாக்டர். இனிப்புக் கடை. இனிப்புக் கடை. பல் டாக்டர். இனிப்புக் கடை."

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் இன்னும் கீழே தள்ளப் போனான். பட்டாணி திரையை அணைத்துவிட்டாள்.

"ஏன்க்கா? நல்லாத்தானே இருந்துச்சு."

"அடுத்தவங்க பையைத் திறந்து பார்க்கிற மாதிரி இருக்குடா," என்றாள் பட்டாணி. சொன்னதும் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. "இதை முன்னாடி ஓட்டினவர்தான் தன் போன்லேருந்து ஏசி போடுறார். அப்படின்னா அவர் போன்ல இந்தக் கார் இன்னும் இருக்கு. நாம எங்கே போறோம்னும் அவருக்குத் தெரியும்."

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மாவின் முகம் சுருங்கியது.

"என்னை நம்பித்தானே வீட்டுக்குள்ள விடுறாங்க. அவங்க வீடெல்லாம் எங்கே இருக்குன்னு யாரோ ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கிறதா? நம்ம வீட்டையும்? வேண்டாம் கண்ணு. இந்தக் கார் சரிப்படாது."

பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசித்தான் வாங்கியிருந்தார்கள். புதன்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. புதன்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

பட்டாணி நினைத்துப் பார்த்தாள். மறுபடியும் பெட்டி, பஸ், தனியாக உட்கார்ந்து சாப்பிடும் அம்மா. "இன்னும் ஒரு நாள் இருக்குல்லம்மா. அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திக் கேட்டுப் பார்ப்போம்," என்று கெஞ்சினாள்.

மூவரும் காரில் ஏறிப் பொத்தானை அழுத்தினார்கள். உதவி மையத்தில் ஒரு பெண் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பழைய ஓனர் தன் போன்லேருந்து காரை நீக்காமலே வித்திருக்கார். அவரே நீக்கினா ஒரு நிமிஷ வேலை. இல்லேன்னா நீங்க பேப்பரெல்லாம் அனுப்பி, நாங்க சரி பார்த்து, பதினஞ்சு நாள் ஆகும்."

"அவர் யாருன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள் அம்மா.

"சொல்லக் கூடாதுங்க. உங்களைப் பத்தி அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அம்மா தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அவர் வீடும் கார்ல இருக்கும்மா. நேராப் போய்க் கதவைத் தட்டலாம்," என்றான் அரை டிக்கெட்.

"திடீர்னு போய் நின்னா அவரும் நம்மளை மாதிரியே பயந்துடுவார்டா," என்ற பட்டாணி, கூரையைப் பார்த்துப் பேசினாள். "அக்கா, நாங்க ஒரு செய்தி சொன்னா அவருக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பலாம். ஆனா கம்பெனி அனுப்புற செய்தியை யாரு படிக்கிறாங்க? நானே படிக்கிறதில்ல."

"இதைப் படிப்பார்," என்றாள் பட்டாணி. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

'நீளக் கால் சார் அவர்களுக்கு, உங்கள் பழைய கார் எங்களிடம் நலமாக இருக்கிறது. தினமும் காலை ஏழு நாற்பதுக்கும் மாலை நாலேகாலுக்கும் அதைக் குளிர வைக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் நாங்கள் எட்டரைக்குத்தான் கிளம்புவோம். எங்கள் அம்மாவுக்குப் பிரேக் எட்டவில்லை. என் தம்பி உங்களைப் பேய் என்று நினைக்கிறான். தயவுசெய்து புதன்கிழமைக்குள் அம்மாவைக் கூப்பிடுங்கள்.'

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துச் சிரித்து இருமினார். அம்மாவின் எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஏழு நாற்பதுக்குக் கார் மறுபடியும் விழித்துக்கொண்டது. பட்டாணி அதையும் எழுதிக்கொண்டாள். அவர் கூப்பிடுவாரா? பள்ளியில் நாள் முழுக்க அதே நினைப்பு.

மாலை அம்மா வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. பேசப் பேச அம்மாவின் முகத்தில் சிரிப்பு பரவியது. முகவரியைச் சொன்னாள். அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு புத்தம் புதுக் கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு நெடிய மனிதர், சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, இறங்கினார்.

"நீங்கதான் பேயா?" என்று கேட்டான் அரை டிக்கெட்.

"இல்லப்பா. கணக்கு வாத்தியார்."

பேயே பரவாயில்லை என்று பட்டாணிக்குத் தோன்றியது.

"போன்லேருந்து ஏசி போட்டா இந்தப் புதுக் கார் கேக்கவே மாட்டேங்குதுன்னு ஏழு நாளா ஷோரூம்ல சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்மா. கார்ல இருக்கிற திரையில ஏசி எங்கே இருக்குன்னும் புரியல. தினமும் வெந்துதான் வீட்டுக்குப் போறேன்," என்று அவர் போனைக் காட்டினார். அதில் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர், 'செல்லம்'.

"எனக்கு எந்தக் கார் வந்தாலும் அதுதான் பேரு," என்று நெளிந்தார் வாத்தியார்.

"மேலே இருக்கிற செல்லத்தை அழுத்துங்க சார்," என்றாள் பட்டாணி.

அழுத்தினார். அம்மாவின் கார் விழித்தது. இருக்கை பின்னால் போனது. கதவைத் திறந்தால், "வணக்கம் சார்" என்றது.

"இப்ப கீழே இருக்கிறதை."

புதுக் காரில் ஏசி ஓடியது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா சிரிப்புத் தாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்து எல்லோரையும் பார்த்து, காரணம் தெரியாமலே சிரித்தார்.

"நீங்க போன இடம் எதையும் நான் பார்க்கலம்மா. எனக்கு ஏசி பொத்தானைத் தவிர இதுல ஒண்ணும் தெரியாது," என்றார் வாத்தியார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் போன இடமெல்லாம் அதுல இருந்திருக்குமே."

"கொஞ்சம் பார்த்துட்டோம் சார். தப்புன்னு தோணுச்சு, உடனே மூடிட்டேன். யார்கிட்டயும் சொல்லல," என்றாள் பட்டாணி.

"எந்த இனிப்புக் கடை சார் நல்லா இருக்கும்?" என்றான் அரை டிக்கெட்.

வாத்தியார் ஒரு கணம் திகைத்து, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்றேன். என் பல் டாக்டர் காதுக்கு மட்டும் போகக் கூடாது."

அவர் போனில் பழைய செல்லத்தை நீக்கினார். காரின் பட்டியல் முழுவதும் அழிந்தது. திரை புதிதாகக் கேள்வி கேட்கத் தொடங்கியது. பட்டாணி படிக்க, அம்மா பதில் சொன்னாள்.

"சக்கரத்துல காத்து குறைஞ்சா சொல்லணுமாம்மா?"

"சொல்லட்டும்."

"அவசர உதவி?"

"கண்டிப்பா வேணும்."

"போன இடத்தையெல்லாம் நினைவுல வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"வீட்டு முகவரி?"

பட்டாணி விரலை நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அதுவும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சாப்பிடாம உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம்," என்றாள் அம்மா.

புதன்கிழமை அம்மா காரைத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. நாலு வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கெல்லாம் பசிக்குது?" என்று கேட்டாள். மூன்று கைகள் உயர்ந்தன.