முதல் எஞ்சினின் பித்தளைத் தகடு

திங்கட்கிழமை, காலை 8.10. கம்பெனியின் முன்கூடத்தைத் திறந்த சின்னவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஐம்பது வருடங்களுக்கு முன் இங்கே உருவான முதல் டீசல் எஞ்சின் மேடையில் பத்திரமாக இருந்தது. அதன் பக்கவாட்டில் அடித்திருந்த பித்தளைத் தகட்டைத்தான் காணோம். ‘உருவாக்கியவர்’ என்று அவருடைய அப்பாவின் பெயர் பொறித்த தகடு. மறுநாள் கம்பெனிக்குப் பொன்விழா.

8.45. இன்ஸ்பெக்டர் வந்ததும் முதலில் பூட்டைப் பார்த்தார். உடையவில்லை. ஜன்னல் கம்பியும் வளையவில்லை. தகட்டைப் பிடித்திருந்த நான்கு ரிவெட்டுகளையும் யாரோ துளைத்து எடுத்திருந்தார்கள். தகட்டுக்கு அடியில் பூசி அடைத்திருந்த பட்டிப் பசையைச் சுரண்டியிருந்தார்கள். அங்கே இரும்பிலேயே வார்த்த இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று சின்னவரின் அப்பா, கம்பெனியைத் தொடங்கிய பெரியவருடையது. மற்றது, மணலில் அச்செடுத்து இரும்பு வார்த்த ஒரு மோல்டருடையது. அவர் இறந்தே அரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

“இதுக்கு விசாரணையே வேண்டாம் மேடம்,” என்றார் சின்னவர். “அந்த மோல்டர் எங்க டெஸ்டிங் அக்காவோட அப்பா. பொன்விழா மலர்ல அவர் பேர் இல்லைன்னு போன வாரம்தான் என்கிட்ட சண்டை போட்டாங்க. இந்தக் கூடத்துச் சாவியும் அவங்ககிட்ட ஒண்ணு இருக்கு.”

“நேத்து நீங்க எங்கே இருந்தீங்க?”

“ஊர்லயே இல்லை. இன்னிக்குக் காலையிலதான் வந்தேன்.”

9.20. வாட்ச்மேன்.

“நேத்துக் காலையில நான் பார்க்கும்போது தகடு இருந்துச்சு மேடம். நேத்து லீவு. வெளியாள் ஒருத்தரும் வரலை. அக்கா மட்டும் ரெண்டு மணிக்கு மறந்துவெச்ச மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தாங்க. பத்தே நிமிஷம்.”

“கரண்ட்?”

“காலையிலேர்ந்து இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் இந்த வாசலை விட்டு நான் நகரலை.”

9.50. டெஸ்டிங் அக்கா. ஓடும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுபவர். இப்போது அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எடுத்தீங்களா?”

“இல்லை.”

“தகட்டுக்கு அடியில உங்க அப்பா பேர் இருக்கறது தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தா இருபத்தெட்டு வருஷம் சும்மா இருந்திருப்பேனா?” அந்த எழுத்துகளை விரலால் தொட்டார். “முதல் எஞ்சினை வார்த்தது எங்க அப்பாதான்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க.”

“நல்லா நடிக்கறாங்க,” என்றார் சின்னவர்.

கூடத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த வீட்டுக் கதவு திறந்தது. பெரியவர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். “அவளை விட்டுடுடா.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீங்க சும்மா இருங்க.”

இன்ஸ்பெக்டர் தீப்பெட்டியிலிருந்து நான்கு குச்சிகளை எடுத்து, நான்கு ரிவெட் துளைகளிலும் செருகினார். அந்தத் துளைகள் அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தன. நான்கு குச்சிகளும் தரையைப் பார்த்துச் சாய்ந்து நின்றன.

10.15. எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்.

“கரண்ட் இல்லாதப்போ கைட்ரில்லாலதான் துளை போட முடியும். நாலு ரிவெட்டை எடுத்து, பட்டியையும் சுரண்ட ரெண்டு மணி நேரமாவது ஆகும். அக்காவுக்குக் கிடைச்சது பத்து நிமிஷம். தவிர, அடியில பேர் இருக்கறது அதை மறைச்சவருக்குத்தான் தெரியும். குச்சியைப் பாருங்க. நின்னுகிட்டு துளைச்சிருந்தா நேரா இருக்கும். இது கீழேயிருந்து மேலே ஏறியிருக்கு. உட்கார்ந்தபடி துளைச்சிருக்காங்க.” வாட்ச்மேனிடம் திரும்பினார். “வெளியாள் வரலைன்னு சொன்னீங்க. வீட்டாள்?”

“பெரியவர் மத்தியானம் உள்ளே இருந்தாருங்க. அவரைப் போய் யாரு...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியவர் நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினார்.

“அப்போ எங்ககிட்ட ஒரே ஒரு லேத்துதான்,” என்றார் பெரியவர். “நான் வரைஞ்ச சிலிண்டர் மூணு தடவை வெடிச்சுது. சுவரை எங்கே தடிமனாக்கணும்னு அவன்தான் மணல்ல விரலால கோடு போட்டுக் காட்டினான். நாலாவது தடவை எஞ்சின் ஓடிச்சு. பேரையும் சேர்ந்துதான் வார்த்தோம். அடுத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டான். இனிமே யார் கேக்கப்போறாங்கன்னு பட்டி வெச்சு அடைச்சுத் தகட்டை அடிச்சேன். நாளைக்கு அதுக்காக எல்லாரும் கை தட்டுவாங்க. அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்க என்னால முடியாது. வாயால சொல்லவும் தைரியம் வரலை. ஆனா பழி இவ மேல விழும்னு சத்தியமா நினைக்கலை.”

“அக்கா, மன்னிச்சிடுங்க,” என்றார் சின்னவர்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. “இதை நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா எங்க அம்மா கேட்டுட்டுப் போயிருப்பாங்க,” என்றார் பெரியவரிடம்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார், எழுத எதுவுமில்லை. வாட்ச்மேன் சத்தமில்லாமல் வெளியே நழுவினார்.

வெகுநேரம் கழித்து அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து சக்கர நாற்காலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“அப்பா போனப்போ எனக்கு ஒண்ணரை வயசு. முகம்கூட ஞாபகமில்லை. அவர் எப்படி இருப்பார்?”

“வாயாடி,” என்றார் பெரியவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இரும்பு ஆறுற வரைக்கும் பேசிட்டே இருப்பான். ஆனா அச்சை உடைக்கிற நேரம் வந்தா கப்சிப். என் கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்குவான்.”