கொஞ்சம் தள்ளிப் படு

அவள் பெட்டியைக் கீழே வைத்ததும் விடுதிக்காரம்மா கட்டிலைக் காட்டினாள். "உனக்கு ராத்திரி ஷிப்டுதானே? பகல்ல தூங்கிக்கோ. மத்த கட்டில்ல எல்லாம் ஷிப்டுக்கு ஒருத்தின்னு ரெண்டு பேர். இதுல நீ மட்டும்தான்."

துணி வெளுக்கும் கம்பெனியின் விடுதி அது. பகலில் தூங்குகிறவர்களுக்காக ஜன்னல்களில் அட்டை ஒட்டியிருந்தார்கள். நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. ஈரத் துணி வாடையும் சோப்புத் தூள் நெடியும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன.

இதே கம்பெனிக்கு வேலைக்கு வந்த அவளுடைய அக்கா ஆறு மாதமாக வீட்டோடு பேசவில்லை. விசாரித்தபோது, "யார்கூடவோ ஓடிப் போயிட்டா" என்று சொல்லி மேஸ்திரி போனை வைத்துவிட்டான். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. அம்மா பெரியவளின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். தங்கையான அவளும் நம்பினாள். "அவ எங்கேயோ நல்லா இருக்கா, நாமதான் கிடந்து சாகறோம்" என்று வாய் கூசாமல் திட்டித் தீர்த்தாள். நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான், யாரென்று சொல்லாமல் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் ஷிப்ட் முடிந்து, வெந்நீரில் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போய், காலையில் வந்து படுத்தாள்.

மெத்தை சுட்டது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. முதுகு பட்ட இடம், தலை பட்ட இடம், எல்லாம் காய்ச்சல்காரி படுத்துக் கிடந்த சூடு. அசதியில் அப்படியே தூங்கிப்போனாள். மறுநாள் காலையிலும் அதே சூடு.

மூன்றாம் நாள் கண் சொக்கும் நேரத்தில் கட்டில் கிரீச்சிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் மெத்தை மெல்ல அமுங்கியது.

அவள் அசையவில்லை.

காதோரம் அனலாக ஒரு மூச்சு.

"கொஞ்சம் தள்ளிப் படுடி."

ஒரே பாயில் படுத்துப் பதினேழு வருஷம் கேட்ட குரல். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. சுவரோரமாகத் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தாள். திரும்பிப் பார்க்கத்தான் தைரியமில்லை.

மெத்தை இலேசானதும் எழுந்து, பக்கத்துக் கட்டில் இஸ்திரிக்காரியை உலுக்கினாள். "பெரியம்மா, முன்னாடி இதுல யாரு படுத்திருந்தது?"

இஸ்திரிக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். "தங்கச்சிதானே நீ? வந்த அன்னிக்கே ஜாடை தெரிஞ்சுது. கேக்க பயம்."

"அவ எங்க?"

"நாலு நாளா காய்ச்சல். லீவு குடுக்கல. வேலையை முடிச்சுட்டு வந்து இதுலதான் படுத்தா. சாயங்காலம் எழுப்பப் போனேன்... சில்லிட்டுக் கிடந்தா. வண்டியில கொண்டு போனாங்க. எங்கன்னு தெரியாது. வாயைத் திறந்தா வேலை போயிடும்னாங்க. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

அவள் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உச்சி வெயில். தெருவில் ஈ காக்காய் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அக்கா ஓடிப் போகலம்மா..."

அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அம்மா அந்த அழுகையைக் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு அவள் குரலில் ஆறு மாதமாக இல்லாத ஒரு தெம்பு.

"அவளைக் கண்டுபிடிச்சிட்டியா? ஒவ்வொருத்தரா பேசுங்கடி. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதா எனக்கு என்ன புரியும்?"