அத்திவரதர் வருஷத்துக் கம்ப்யூட்டர்

தேவிப்ரியாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மணி நாலேகால். அரை மணி நேரமாக அம்மா ஃபோனில் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா கமலவேணி பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். இதுவரை பிறர் கொடுத்ததைத் திருத்தித் தருவதோடு சரி. இந்தக் கொக்குக் கரை டிசைன் மட்டும் அவளே யோசித்து, இருபது நாள் உட்கார்ந்து போட்டது. ஐந்து மணிக்குள் அது மெயிலில் முனிரத்தினத்தின் கடைக்குப் போக வேண்டும். அங்கேதான் தறியில் மாட்டுவதற்கு டிசைனை அட்டையில் துளை துளையாக அடிப்பார்கள். நேரம் தவறினால் கல்யாண ஆர்டருக்கு வேறு டிசைனைப் போட்டுவிடுவார்கள்.

இன்று பார்த்து டிசைன் சாப்ட்வேர் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மவுஸையோ நேற்று தம்பி தனுஷ் ரசத்தில் போட்டுவிட்டான்.

"மேடம், விண்டோஸ் எந்த வெர்ஷன்? அது தெரிஞ்சாத்தான் சரியான ஃபைல் அனுப்ப முடியும்," என்றார் சாப்ட்வேர் கம்பெனியின் வசந்த்.

"நீலமா இருக்குதுப்பா," என்றாள் அம்மா.

"கலர் இல்ல மேடம். நம்பர்."

அப்பா கோதண்டபாணி ஃபோனைப் பிடுங்கினார். "தம்பி, இது அத்திவரதர் வந்த வருஷம் வாங்கினது."

"யாரு சார் வந்தாரு?"

"அத்திவரதர்பா. நாப்பது வருஷத்துக்கு ஒருக்கா குளத்துலேர்ந்து வெளிய வருவாரே. அந்தக் கூட்டத்துல இதைத் தலைமேல தூக்கிக்கினு வந்தேன்."

காஞ்சிபுரத்தில் எதைக் கேட்டாலும் இதே கதைதான். தம்பி எப்போது பிறந்தான்? அத்திவரதர் வந்துபோன மறுவருஷம். வாசல் கேட் எப்போது போட்டது? அத்திவரதருக்கு முந்தின வருஷம்.

"சரி சார், செட்டிங்ஸைக் கிளிக் பண்ணுங்க."

"மவுஸ் இல்லைன்னு எத்தினி வாட்டிதான்பா சொல்றது?"

மணி நாலரை ஆகிவிட்டது. "போவட்டும், விடு. வேற யாராவது போட்டுக்கட்டும்," என்றாள் அம்மா.

தேவிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கொஞ்சம் பேசாம இருப்பா."

அவள் பள்ளியில் பத்துக் கம்ப்யூட்டருக்கு மூன்று மவுஸ்தான். முதலில் ஓடுகிறவர்களுக்கு மவுஸ், மெதுவாகப் போகும் தேவிப்ரியாவுக்கு வெறும் கீபோர்டு. வருஷம் பூராவும் அதற்காக மூக்கால் அழுதவள்தான்.

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினாள். சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் சி, எம், டி என்று அடித்து என்டர் தட்டினாள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம் திறந்தது.

"போச்சு, இருந்ததும் போச்சு," என்றார் அப்பா.

"அது அப்பிடித்தான்பா இருக்கும்." வி, இ, ஆர் என்று அடித்து மறுபடி என்டர்.

ஒரே வரியில் நம்பர் வந்து நின்றது.

"அண்ணா, எழுதிக்கோங்க. பத்து, புள்ளி, பூஜ்யம், புள்ளி, ஒண்ணு, ஒம்போது, பூஜ்யம், நாலு, அஞ்சு. இன்னும் இருக்குது, சொல்லட்டுமா?"

"போதும்மா." வசந்த் பெருமூச்சு விட்டார். "காலையிலேர்ந்து நம்பரைக் கேட்டதுக்கு நம்பரைச் சொன்ன ஒரே ஆளு நீதான்."

அவர் ஃபைல் அனுப்பினார். தேவிப்ரியா கீபோர்டைத் தட்டித் தட்டியே அதைப் போட்டாள். சாப்ட்வேர் திறந்தது. கொக்குகள் வரிசையாக நின்றன. நாலு ஐம்பத்தாறுக்கு டிசைன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

'வந்துச்சு. கொக்கு ஜோரா இருக்குது,' என்று முனிரத்தினம் பதில் அனுப்பினார். அம்மா அதை மூன்று முறை படித்தாள்.

வசந்த் இன்னும் லைனில்தான் இருந்தார். "கடைசியா ஒரு கேள்வி. எங்க ஃபாரத்துல எழுதணும். கம்ப்யூட்டர் எந்த வருஷம் வாங்கினது?"

அம்மா தேவிப்ரியாவைப் பார்த்தாள். தேவிப்ரியா ஃபோனை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.