முட்டை பூசிய பெயிண்டர்

மழை பிடித்துக்கொண்டால் பெயிண்டருக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் பெயிண்ட் ஒட்டாது. ஒட்டினாலும் நாலு நாளில் தோல் தோலாக உரிந்து விழும். அதனால் சுண்டுவின் அப்பா வீட்டில் இருந்தார்.

வீட்டில் இருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். நன்றாகவே இருந்த முக்காலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அது காய்வதற்குள் சுண்டுவின் தம்பி அதில் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் ஒரு பச்சை வட்டம். அந்தக் கால்சட்டையை யார் துவைப்பது என்று வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் அதையும் அப்பாவே துவைத்தார்.

சுண்டுவுக்கு வேறு பெயர் உண்டு. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வயது பத்து, உருவம் எட்டு, வாய் பதினெட்டு என்று அம்மா சொல்வார். அதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதைச் சுண்டு ஒப்புக்கொள்வதில்லை.

அம்மா வீட்டிலேயே பழ பஃப்ஸ் செய்து தெருமுனைக் காபிக் கடைக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். அது ஒரு பெரிய வேலை. மைதா மாவைப் பிசைந்து, குளிர்ந்த வெண்ணெய்க் கட்டியை அதற்குள் வைத்து மூடி, கட்டையால் நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடித்து ஃப்ரிட்ஜில் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி தேய்ப்பார். மறுபடி மடிப்பார். மறுபடி ஃப்ரிட்ஜ். பார்ப்பவர்களுக்கு அலுத்துவிடும். அம்மாவுக்கு அலுக்காது. இந்த மடிப்புகள்தாம் ஓவன் சூட்டில் ஏடு ஏடாகப் பிரிந்து எழும்பும்.

மாவைச் சதுரங்களாக வெட்டுவார். ஒரு சதுரத்தின் மேல், நடுவில் ஓட்டை போட்ட இன்னொரு சதுரத்தை வைப்பார். பார்க்கச் சின்ன ஜன்னல் சட்டம் மாதிரி இருக்கும். அந்த ஓட்டையில் சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டு வேகவைத்த ஆப்பிள். சட்டத்தின் மேல் அடித்த முட்டையைப் பூசி ஓவனில் வைத்தால், சட்டம் நிமிர்ந்து எழுந்து பொன்னிறமாகும். ஆப்பிள் ஒரு குட்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்.

முதல் தடவை கொடுத்தபோது காபிக் கடைக்காரர் கடித்துப் பார்த்துவிட்டு, "தினமும் காலைல குடுங்கக்கா," என்றார். மழை வந்து அப்பாவின் வேலை நிற்பதற்கு முன்பே அம்மாவுக்கு வேலை வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

மழை ஆரம்பித்த அன்று அப்பா சமையலறைக்குள் வந்து நின்றார்.

"முட்டை பூசறத நான் பாத்துக்கறேன். பிரஷ் வேலைதானே?"

"தாராளமா," என்று அம்மா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்று பஃப்ஸ் எழும்பவில்லை. ஓடு மாதிரி தட்டையாக, பளபளவென்று இருந்தன. மறுநாளும் அதே கதை. அம்மா ஓவனைத் திட்டினார். ஓவன் மாறவில்லை. வெண்ணெயைத் திட்டினார். மழைக் காற்றுதான் மாவைக் கெடுக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் சுண்டுவும் அம்மாவோடு கடைக்குப் போனாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பஃப்ஸா, பிஸ்கட்டா?"

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வாங்கறவங்க என்னத்தான் கேக்கறாங்க. நாளைக்கும் இப்படியே வந்தா, நான் வேற இடத்துல சொல்லிடறேன். வேற வழியில்லக்கா."

"நாளைக்கு ஒரு நாள் பாருங்க," என்றார் அம்மா.

திரும்பி வரும் வழியில் அம்மா வேகமாக நடந்தார். குடையைச் சுண்டுவின் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததால் அம்மாவின் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புது வெண்ணெய் வாங்கி, கொஞ்சமாகச் செய்து பார்த்தார்கள். அம்மா வெட்டினார். அப்பா முட்டை பூசினார். எப்போதும் போல மூலை முடுக்கு விடாமல், மேலே, உள்ளே, பக்கவாட்டில், எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பூசினார். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

வெட்டும்போது மிஞ்சிய துண்டு ஒன்று தம்பிக்குக் கிடைத்தது. அவன் அதன் நடுவில் ஒரே ஒரு ஆப்பிள் துண்டை வைத்தான்.

"குடு, பூசித் தரேன்," என்றார் அப்பா.

"வேணாம். என்னோடத நான்தான் பூசுவேன்." தம்பி விரலை முட்டையில் முக்கி மேலே இரண்டு பொட்டு வைத்தான். அத்தோடு அவனுக்கு அலுத்துவிட்டது.

ஓவனைத் திறந்தபோது எல்லாம் தட்டையாகவே இருந்தன. அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் வீட்ல இருக்கற நேரம்," என்றார் அப்பா. "எதுவும் விளங்க மாட்டேங்குது."

"நீங்க என்ன பண்ணுவீங்க? சும்மா இருங்க," என்றார் அம்மா.

"என்னோடது பெரிசு," என்றான் தம்பி.

யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவன் எப்போதும் எதையாவது பெரிசு என்றுதான் சொல்வான். சுண்டு மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அவன் சொன்னது உண்மை. ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றாலும், தம்பியின் துண்டு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரம்.

"இருடா, சாப்பிட்டுடாதே," என்று அதை வாங்கிப் பார்த்தாள். அவனிடமிருந்து ஒரு தின்பண்டத்தை வாங்குவது லேசான காரியமில்லை. அவளுடைய கலர் பென்சில் ஒன்று கை மாறியது.

ஒரே மாவு. ஒரே வெண்ணெய். ஒரே ஓவன். அப்பா பூசியவற்றின் பக்கவாட்டுகள் வார்னிஷ் அடித்த மாதிரி மின்னின. தம்பியுடையதில் பக்கவாட்டு வெளிறிப்போய், புத்தகத்தின் ஓரத்தில் தாள்கள் தெரிவது போல ஏடுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

"அம்மா, மிச்சத் துண்டு ரெண்ட ஓவன்ல வைக்கட்டுமா?"

"எதையோ வச்சுக்கோ. சூடாத்தான் இருக்கு. கைய மட்டும் சுட்டுக்காதே."

இரண்டு துண்டுகள். ஒன்றில் அப்பா பூசுவது போலவே எல்லாப் பக்கமும் முட்டை பூசினாள். இன்னொன்றில் மேலே மட்டும் பூசினாள். ஓவன் கண்ணாடிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே மட்டும் பூசியது மெல்ல மெல்ல எழுந்தது. மற்றது அப்படியே படுத்துக் கிடந்தது.

சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது. முட்டை காய்ந்தால் பசை. பக்கவாட்டில் பூசினால் ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒட்டியது எப்படி எழும்பும்?

அம்மாவிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அப்போது அப்பா தொட்டி ஓரம் நின்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். முடிகளை விரலால் நீவி விட்டு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். இந்த மழையில் அவர் பாடுவது பிரஷ் கையில் இருக்கும்போது மட்டும்தான்.

சுண்டு வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னால் அம்மா, "நீங்க தள்ளுங்க, நானே பூசிக்கறேன்," என்பார். அது நியாயம்தான். அப்புறம் அப்பா போய் முக்காலிக்கு இன்னொரு தடவை பெயிண்ட் அடிப்பார். சொல்லாவிட்டால் நாளைக்குக் கடை போய்விடும். ராத்திரி இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தபடி சுண்டு சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே," என்றார்.

காலையில் அம்மா சட்டங்களை அடுக்கி ஆப்பிளை நிரப்பி வைத்துவிட்டு, தம்பியைக் குளிப்பாட்டப் போனார். அது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. அப்பா முட்டைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். சுண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சா கண்ணாடில படாதா?"

"யாரப் பாத்துக் கேக்கற?" என்றார் அப்பா. "இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு கண்ணாடில பட்டதில்ல."

"டேப் ஒட்டிப்பீங்களா?"

"டேப்பெல்லாம் கை நடுங்கறவனுக்கு."

"அப்போ இதையும் ஜன்னல் மாதிரியே அடிங்கப்பா. மேல மட்டும் சட்டம். பக்கவாட்டு பூரா கண்ணாடி. ஒரு சொட்டு இறங்கக் கூடாது."

அப்பா சிரித்தார். "ஓரத்த விட்டுட்டு அடிக்கறவன் பெயிண்டரா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே பூசினேன்?"

சுண்டு பின்னால் மறைத்து வைத்திருந்த தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். அதில் நேற்றைய இரண்டு துண்டுகள் இருந்தன.

"இது ஓரம் பூசினது. இது பூசாதது. நான்தான் வச்சுப் பாத்தேன்."

அப்பா தட்டையாக இருந்ததை எடுத்துப் பார்த்தார். உயரமாக இருந்ததை எடுத்துப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்போ இத்தனை நாளும் நான்தான் கெடுத்தேனா?"

இந்தக் கேள்விக்குச் சுண்டு ராத்திரியே நாலைந்து பதில்கள் தயாரித்து வைத்திருந்தாள். எல்லாமே நல்ல பதில்கள். அவற்றை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"ஆமாப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அம்மா உங்கள வேணாம்னுடுவா. எனக்கு நீங்க கூட நின்னு செய்யறதுதான் பிடிச்சிருக்கு. தனியா உக்காந்திருந்தா பாக்கவே கஷ்டமா இருக்கு."

அப்பா பிரஷ்ஷை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளியலறையில் தம்பி, கண்ணில் சோப்பு போய்விட்டதாக ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு அப்பா எழுந்தார்.

"இந்த பிரஷ் ஆகாது," என்றார். "பட்டை பிரஷ்ல சுவர் அடிக்கலாம். சட்டம் அடிச்சா வழியத்தான் செய்யும்."

வேலைப் பையிலிருந்து இன்னும் உறை பிரிக்காத மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். வெந்நீரில் நன்றாகக் கழுவித் துடைத்தார். முட்டையில் நுனியை மட்டும் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, முதல் சட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு சரியாக ஓரம் வரை வந்து நின்றது. ஒரு துளிகூட இறங்கவில்லை.

"தட்ட ஆட்டாதே," என்றார் அப்பா.

"நான் ஆட்டலப்பா."

"மூச்சு விடாதே."

சுண்டு முடிந்தவரை மூச்சு விடாமல் இருந்தாள்.

அம்மா ஈரத் துண்டோடு வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது.

"இன்னுமா முடியல? கடை திறந்திருப்பாரு. என்னங்க இது, ஓரமெல்லாம் வெறுமனே இருக்கு?"

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஓவன் மேல தப்பில்ல. வெண்ணெய் மேலயும் தப்பில்ல. பெயிண்டர் மேலதான் தப்பு," என்றார். "ஓரமெல்லாம் பூசி, எழும்ப விடாம ஒட்டி வச்சிருக்கேன். உன் பொண்ணு கண்டுபிடிச்சா."

அம்மா இரண்டு துண்டுகளையும் பார்த்தார். சுண்டுவைப் பார்த்தார். அப்பாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிவிடுவார் என்று சுண்டு நினைத்தாள்.

"நானும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்," என்றார் அம்மா. "எவ்வளவு அழகா பூசறீங்கன்னுதான் பாத்தேன். அது என் புத்திக்கு எட்டவே இல்ல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, மீதியையும் பூசுங்க. நான் ஓவன சூடு பண்றேன்."

அன்று வீடு முழுவதும் ஓவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது. அம்மாகூட உட்கார்ந்தார். சட்டங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒன்றிரண்டு நிமிரத் தாமதம் செய்தபோது அப்பா கண்ணாடிக்குள் பார்த்து, "ஏந்திரி, ஏந்திரி," என்று கெஞ்சினார். அவையும் எழுந்தன.

காபிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். ஏடுகள் சட்டையெல்லாம் உதிர்ந்தன.

"நாளைக்குக் கொஞ்சம் கூடவே குடுங்கக்கா," என்றார். சட்டையைத் தட்டிக்கொள்ளக்கூட இல்லை.

சில நாட்கள் கழித்து மழை விட்டது. வெயில் நன்றாக அடித்தது. காலையில் எல்லாரும் சமையலறையில் இருந்தபோது அப்பாவுக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. மேஸ்திரி போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"சுவரெல்லாம் காஞ்சிடுச்சு. நாளைக்கு விடிஞ்சதும் வேலைக்கு வந்துடு."

சுண்டு கிண்ணத்தைப் பார்த்தாள். அம்மா ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரேன் மேஸ்திரி," என்றார் அப்பா. "ஆனா எட்டு மணிக்கு மேலதான் வர முடியும். விடிகாலைல வேற ஒரு இடத்துல வேலைக்கு ஒத்துக்கிட்டிருக்கேன்."

"வேற இடமா? யார்கிட்ட?"

"என் வீட்டுக்காரிகிட்ட," என்று சொல்லிவிட்டு, அப்பா மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார்.

அம்மா திரும்பவே இல்லை. ஆனால் அவர் சிரிப்பது முதுகிலேயே தெரிந்தது.