கருகிய கீறல்

செடி டாக்டரம்மா துப்பறிவாளர் வீட்டு மாடியேறி வரும்போதே கண் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"ஒருத்தரை இன்னைக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பப் போறோம் சார். நானும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை வந்து பாத்துடுங்க."

நிதானம் என்றே எல்லோரும் அழைக்கும் அந்தத் துப்பறிவாளர் தலையாட்டினார். பயிர்ச் சேதம் மதிப்பிடும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பொய் சொல்லும் வயல்களை நிறையப் பார்த்தவர். அவருடைய மச்சான் பட்டாசு, விஷயம் என்னவென்று தெரியும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் ரகம். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

போகும் வழியில் அவள் சொன்னாள். மண்ணில் கிடந்து, வேர் வழியாக ஏறி, தக்காளிச் செடியை வாட்டிக் கொல்லும் ஒரு பூஞ்சை. தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் லேசில் போகாது. அதற்கு மசியாத ஒரு ரகத்தை உருவாக்குவதற்கே அவள் தன் இளமையைக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் கடல் கடந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்திருந்தது. பெட்டி கட்ட வேண்டிய நேரத்தில், விதைக்காக வளர்த்த தாய்ச்செடிகள் அத்தனையும் ஒன்றாக வாடிவிட்டன. கையிருப்பு விதையெல்லாம் அந்தச் செடிகளாகத்தான் முளைத்திருந்தது. செடி போனால் ரகமே போச்சு.

"நோய்க்கு மசியாத செடி எப்படிம்மா வாடும்?" என்று கேட்டார் நிதானம்.

"அதான் புரியலை. இந்த ரகத்துக்குக் காவல் முழுக்க வேர்லதான். பூஞ்சையை உள்ளயே விடாது. இதை நான் இன்னும் எங்கயும் எழுதக்கூட இல்லை. தண்டை வெட்டிப் பார்த்தேன், உள்ள பழுப்பு ஓடியிருக்கு. புதுசா வீரியமான பூஞ்சை ஏதோ குழாய் அண்ணன் செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்குன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். இன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுடணுமாம்."

குழாய் அண்ணன்தான் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவர். முதலில் கண்ணாடிக் கூடம், அப்புறம்தான் பூஞ்சையை வேண்டுமென்றே வளர்க்கும் நோய் வயல். தலைகீழாகப் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

"அப்ப அந்த ஆளேதான்!" என்றான் பட்டாசு.

"நீ கொஞ்ச நேரம் நமுத்துப் போ," என்றார் நிதானம்.

கண்ணாடிக் கூடத்து வாசலில் அவளுடைய கணவர் காத்திருந்தார். அவரும் பூஞ்சை ஆராய்ச்சிக்காரர். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே ஆய்வகம். "சாப்பிட்டியாம்மா?" என்று அவள் பையை வாங்கிக்கொண்டார். சற்றுத் தள்ளி நின்ற குழாய் அண்ணன், "நான் அப்படிச் செய்வேனாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தாண்டிக் குதிக்க இடமில்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு கிருமிநாசினித் தண்ணீர்த் தட்டு கிடந்தது. எல்லோரும் அதில் செருப்போடு காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வரிசை வரிசையாகத் தலை தொங்கிய செடிகள். தரையில் காய்ந்த சேற்றில் குழாய் அண்ணனின் செருப்புத் தடம். ஜன்னலோரம் விளிம்பு உடைந்த ஒரு கோப்பையில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. அதுவும் இன்றோ நாளையோ என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

நிதானம் தொட்டி தொட்டியாகக் குனிந்து அடிமண்ணை விலக்கிப் பார்த்தார். கடைசித் தொட்டியிலிருந்து நிமிர்ந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

"மச்சான், உன் செருப்பு தரையில என்ன விட்டிருக்கு?"

"ஈரம் மாமா. தட்டுல நனைஞ்சுதே."

"இந்தத் தடத்தைப் பாரு. கட்டிச் சேறு, அச்சு குலையலை. தட்டுல நனைஞ்ச செருப்பு இப்படியா தடம் பதிக்கும்? யாரோ இந்தச் செருப்பைக் கையில கொண்டுவந்து பதிச்சிருக்காங்க. கால்ல வரலை."

வாசலில் குழாய் அண்ணன் பெருமூச்சு விட்டது கேட்டது.

"இப்ப நீங்க பாருங்கம்மா."

அவள் குனிந்தாள். மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்டில் மெல்லிய கத்திக் கீறல். வந்தவர் வேர்ப் பக்கமே போகவில்லை. தண்டைக் கீறிப் பூஞ்சையை நேராக உள்ளே வைத்திருக்கிறார். கீறலின் ஓரம் லேசாகக் கருகியிருந்தது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி, எல்லாவற்றிலும் அதே கருகல். ஒரு செடியைத் தொட்ட கத்தியைத் தீயில் காட்டாமல் இன்னொரு செடியைத் தொடக் கூடாது என்பது அவர்கள் ஆய்வகத்தின் முதல் பாடம்.

"நோயைப் பரப்ப வந்தவன் எதுக்கு மாமா கத்தியைச் சுத்தம் பண்ணணும்?" என்றான் பட்டாசு.

"அவசியமே இல்லை. ஆனா பழகின கை கேக்கலை. அவசரத்துல கத்தி ஆறக்கூட இல்லை, அதான் கருகிடுச்சு." அவர் அவளிடம் திரும்பினார். "காவல் வேர்லதான்னு யார்கிட்ட சொன்னீங்கம்மா?"

"யார்கிட்டயும் சொல்லலையே. இவர்கிட்ட..."

பாதியில் நின்றாள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் தொட்டு வேரை வரைந்து காட்டியது நினைவுக்கு வந்தது. கன்னத்தில் கை வைத்துக் குழந்தை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலோரக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மட்டும் ஏன் சார் விட்டீங்க?" என்று நிதானம் மெதுவாகக் கேட்டார்.

கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வாடகை வீட்டில், இருவரும் சேர்ந்து முதல் விதையை ஊன்றிய கோப்பை அது. அந்த நாளின் ஞாபகமாகத்தான் இந்த ரகத்திலும் ஒரு விதையை அதிலேயே போட்டிருந்தார்கள்.

"அதுல கத்தி வைக்க மனசு வரலை," என்றார் கணவர். "நீ போயிட்டா திரும்பி வர மாட்டியோன்னு பயமா இருந்துச்சும்மா. கொஞ்ச காலம் தள்ளிப்போனா போதும்னு நெனச்சேன். அந்தச் செடியில இருந்து மறுபடியும் நாம ரெண்டு பேரும்..."

"தாராளமா போயிட்டு வான்னு நீங்கதானே சொன்னீங்க? பெட்டி வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே?"

செடிகள் செத்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். செடிகளுக்காக அவள் அழுதபோதெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்ததும் இதே கைதான் என்பதை எப்படித் தாங்குவது?

"ஒரு செடிக்கு இரக்கப்பட்ட மனசு, எனக்கு இரக்கப்படலையே," என்றாள்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நான் பேசினதெல்லாம் தப்பு. மன்னிச்சிடுங்க." பிறகு கணவரிடம், "இவர் மேல பழி போட்டது நீங்க. ஆபீஸ்ல நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்க. என் பெட்டியை நான் கட்டிக்கறேன்," என்றாள்.

கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் கணவரின் காலடி கேட்டது. வாசலில் அது ஒரு கணம் நின்றது. தட்டுத் தண்ணீர் சலசலத்தது. இந்த நேரத்திலும் அவர் இரண்டு காலையும் ஒழுங்காக நனைத்துக்கொண்டுதான் வந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.