மரம் சொன்ன பதில்

எங்கள் நகானோ பக்கத்தில் ஜனவரி பதினைந்தாம் தேதி பழ மரங்களை மிரட்டுவோம். ஒருவர் கோடரியைக் காட்டி, "காய்ப்பியா, மாட்டியா?" என்று அதட்டுவார். இன்னொருவர் மரத்தின் பின்னால் நின்று, "காய்ப்பேன், காய்ப்பேன்!" என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். பிறகு மரத்துக்குப் பயறுக் கஞ்சி கிடைக்கும்.

சிஹோ வீட்டுப் பெர்சிமன் மரம் வாசலில் ஒரு பெரிய தொட்டியில் இருந்தது. மூன்று வருடம் கெஞ்சியும் ஒரு பழம்கூடத் தரவில்லை.

"இந்த வருஷமும் ஏமாத்தினா, தொட்டியைத் தூக்கிட்டு அங்க சைக்கிள் நிறுத்திடுவேன்," என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிஹோவுக்கு அழுகை முட்டியது. முதல் வகுப்பில் சேர்ந்த அன்று அவளே நட்ட மரம் அது.

அவள் தன் ஓவிய நோட்டைப் புரட்டினாள். இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டுப் பெர்சிமன் மரத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். பழங்கள் எல்லாம் கிளை நுனிகளில் தொங்கின.

சிஹோ வீட்டு மரத்துக்கோ நுனியே கிடையாது. ஜனவரி வந்தால் அப்பா அதைப் பந்து மாதிரி கத்தரித்துவிடுவார். பதினைந்தாம் தேதியான இன்றும் கத்தரிக்கோல் அவர் இடுப்பில் தயாராக இருந்தது.

அவள் சொன்னால், 'உனக்கென்ன தெரியும்?' என்பார். மரம் சொன்னால்?

சிஹோ நோட்டோடு போய் மரத்தின் பின்னால் நின்றாள்.

"காய்ப்பியா, மாட்டியா?" என்றார் அப்பா.

"மாட்டேன்!"

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற அம்மா திடுக்கிட்டார்.

"ஏய், மரம் அப்படிச் சொல்லக் கூடாது!" என்றார் அப்பா.

"நுனியில்தான் எனக்குப் பூ வரும். அதையெல்லாம் நீங்க வெட்டிட்டா, நான் எங்க காய்க்கிறது?" என்று கேட்டது மரம். கிளைகளின் நடுவே ஓவிய நோட்டும் நீண்டது.

அப்பா படத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு காதைச் சொறிந்தார்.

"உருண்டையா இருந்தா அழகா இருக்கும்னு..."

"மூணு வருஷமா மொட்டை அடிச்சுட்டு, மரத்தையே திட்டினீங்களே!" என்று அம்மா சிரித்தார்.

கத்தரிக்கோல் வீட்டுக்குள் போனது. மரம் கஞ்சி குடித்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மரம் தலை வாராத பிள்ளை மாதிரி பரட்டையாக நின்றது. நுனிகளில் ஏழு பழங்கள். அப்பாவே மூன்றைத் தின்றுவிட்டார்.

அடுத்த ஜனவரி பதினைந்தில் அப்பா மரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இந்த வருஷம் நான்தான் மரம். கேளு."

சிஹோ கோடரியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நுனியை வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன், மாட்டேன்!" என்று அலறியது மரம்.